மோரிஸ் மைனர் 1000: வைத்திருப்பதா, விற்பதா?

என்னுடைய 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரில், மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மறுபடியும் மாற்றி முடித்த வாரத்தில்தான், இங்கே மொரிஷியஸில், குவாத்ர் போர்னில் இருக்கும் என் மனைவியின் தமக்கை மகன் தொலைபேசியில் அழைத்து, "சித்தப்பா, அந்த வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்" என்றான். பழுதுபார்த்த களைப்பு தீராத நேரத்தில் வந்த கேள்வி என்பதால், நான் இங்கே எழுதுவதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கலாம். வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கட்டும்.

வண்டியின் இன்றைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த தரைத்தகடுகளும் கதவுக்கு அடியிலுள்ள தகடுகளும் வெட்டியெடுக்கப்பட்டு, புதியவை வைத்துப் பற்றவைத்து, வண்ணமும் பூசப்பட்டுவிட்டன. எஞ்சின் சீரமைக்கப்பட்டு நன்றாக ஓடுகிறது. ஒயரிங் பாதியில் நிற்கிறது, கண்ணாடிகள் பழைய போர்வைகளுக்குள் இருக்கின்றன, இருக்கைகள் மாடி அறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் இது ஓடாத வண்டியைப் பற்றிய கற்பனை மதிப்பீடு அன்று. பிரித்துப் போடுவதற்கு முன் பல ஆண்டுகள் இதே வண்டியில்தான் வாக்வாவிலிருந்து போர்ட் லூயிக்கு வேலைக்குப் போய் வந்தேன்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இந்த மாதிரி முதன்முதலாக வைக்கப்பட்டபோதே, அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் அதற்கு ராக்-பினியன் ஸ்டீயரிங்கும், முன்சக்கரங்களுக்குச் சுருள்வில்லுக்குப் பதிலாக நீளவாக்கில் ஓடி, முறுக்கத்தால் வில்போல வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற தண்டும் கொடுத்திருந்தார். அதன் பயன் கிராண் பாசேனைத் தாண்டி ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டு வழியாகச் சாமரேலுக்குப் போகும்போது தெரியும். வளைவுக்குள் வண்டியைத் திருப்பினால், எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவே திரும்புகிறது. சக்கரத்தின் அடியில் ஈரம் இருக்கிறதா, கரும்பு வண்டிகள் சிந்திய சக்கை இருக்கிறதா என்பது கையிலேயே தெரிந்துவிடுகிறது. இன்று நான் அன்றாடம் ஓட்டும் ஜப்பானிய வண்டி இதைவிட வேகமானது, குளிர்ச்சியானது, நம்பகமானது, ஆனால் சாலையைப் பற்றி என்னிடம் எதையும் சொல்வதில்லை.

எல்லோரும் பயமுறுத்தும் குறையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்சக்கர அச்சைத் தாங்கும் மறையிட்ட டிரனியன்களில் கிரீஸ் வறண்டால், மறைகள் தேய்ந்து, ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது சக்கரம் உள்வாங்கிப் படுத்துவிடும் என்பது உண்மைதான். குறித்த காலத்தில் கிரீஸ் அடிப்பவருக்கு அது ஒரு தொல்லையே அல்ல. எனக்கு ஒருமுறைகூட அது வந்ததில்லை. ஆகவே அதை நான் இந்த வண்டியின் மீது குற்றமாக எழுத மாட்டேன்.

பானெட்டைத் திறந்தால் இந்த வண்டியின் மீது எனக்கிருக்கும் மதிப்பு இன்னும் கூடும். முதலில் இதற்குக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினைத்தான் இஸிகோனிஸ் எண்ணியிருந்தார். அது கைவிடப்பட்டு, வரிசையாக நிற்கும் ஒல்லியான எஞ்சின் வைக்கப்பட்டதால், அகலமான அறை அப்படியே நின்றுவிட்டது. டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் எதுவானாலும் முழங்கை இடிக்காமல் வேலை செய்யலாம். சாவியைத் திருப்பியதும் பின்சுவரில் மாட்டியிருக்கும் எஸ்யூ பெட்ரோல் மின்பம்பு டக்டக்கென்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் தானாக அடங்குகிறது. அந்த ஓசை அடங்கும் வேகத்தை வைத்தே பெட்ரோல் குழாயில் காற்று இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். நான் முதன்முதலில் கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டதும் இந்த அறைக்குள்தான்.

இவ்வளவு தாராளமான இடத்தை முன்னால் விட்டுவிட்டு, மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, அடிச்சட்டத்தின் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிரேக் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டுமானால் கார்பெட்டைத் தூக்கி, தரையிலுள்ள மூடியைத் திறந்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். சுற்றியிருக்கும் தூசு ஒரு துளியும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது வெறும் அசௌகரியம், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சிலிண்டரைக் கழற்றுவதுதான். அதைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு நீளமான போல்ட்டுகள் அடிச்சட்டத்தை ஊடுருவிப் போகின்றன. நட்டைக் கழற்றியபின் போல்ட்டை வெளியே இழுத்தால், நான் மேலே வாயாரப் புகழ்ந்த அதே டார்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. போல்ட்டின் தலை அதில் முட்டிக்கொண்டு, வர வேண்டிய தூரத்தில் பாதிகூட வருவதில்லை. ஆகவே பிரேக்கைப் பழுதுபார்க்கப் போனவர், முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் கீழ்க்கையைத் தாங்கி, பாரின் இறுக்கத்தைத் தளர்த்தி, அதைச் சற்று ஒதுக்கிவைத்து, பிறகுதான் பிரேக் வேலையைத் தொடங்க முடியும். காய்ந்த எண்ணெயும் துருவும் சேர்ந்த போல்ட்டை, முகத்துக்கு நேர் மேலே சுத்தியலால் தட்டி வெளியேற்றும்போது, கண்ணாடி அணிந்திருந்தாலும் துருத்தூள் எப்படியோ கண்ணுக்குள் வந்துவிடும்.

ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்றால் நானும் இவ்வளவு எழுத மாட்டேன். வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வாக்வாவிலும் கியூர்பிப்பிலும் மேட்டு நிலத்து மழையும் பனிமூட்டமும் சுவர்ச் சுண்ணாம்பையே உரித்துவிடும். அந்த ஈரம் எண்ணெயில் இறங்கி, ஓடாமல் நிற்கும் வண்டியின் வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் துருப் புள்ளிகளை உண்டாக்குகிறது. அந்தப் புள்ளிகளில் உரசி ரப்பர் வளையம் கிழிகிறது. கசிந்த எண்ணெய் அடிச்சட்டத்துக்குள்ளேயே தேங்கி, அங்கே பூசிய வண்ணத்தைத் தின்று, பற்றவைத்த புதிய தகட்டைத் துருவுக்குத் திறந்துவிடுகிறது. அதாவது, முடிக்காமல் நிறுத்தி வைத்திருப்பதே இந்த வண்டியில் முடித்த வேலையை அழிக்கிறது. வண்டி சும்மா நின்றிருந்த ஒரு மழைக்காலத்தில்தான், ஏற்கனவே புதிதாகப் போட்டிருந்த சிலிண்டர் இப்படி வீணாகிப் போயிற்று. 1965ஆம் ஆண்டு வண்டியின் பிரேக்கில் ஒரே சுற்றுதான் உண்டு. இந்த ஒரு சிலிண்டர் கைவிட்டால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து கைவிடும். சாமரேலிலிருந்து காஸ் நுவயால் கடற்கரைக்கு இறங்கும் செங்குத்துச் சாலையை நினைத்துக்கொண்டால், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இதைத் தள்ளிப்போட மனம் வராது.

இம்முறை சக்கரங்களிலுள்ள சிலிண்டர்களையும் ரப்பர் குழாய்களையும் ஒருசேர மாற்றிவிட்டு, ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கோன் திரவத்தை ஊற்றியிருக்கிறேன். போல்ட்டுகளையும் எதிர்ப்பக்கத்திலிருந்து செருகியிருக்கிறேன். அடுத்து கழற்றுபவர் டார்ஷன் பாரைத் தொடாமலே அவற்றை உருவிவிடலாம். தொழிற்சாலையிலேயே செய்திருக்கக்கூடிய காரியம் இது.

உதிரிபாகங்களைப் பற்றிப் புகார் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உற்பத்தியான மாதிரி என்பதால், உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்ற பிறகும் இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் புதிதாகவே கிடைக்கின்றன. சிறு பாகங்களின் விலையும் நியாயமானதே. கனமான தகடுகளை வரவழைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விழும்போது, ஒரு மட்கார்டின் விலை மட்கார்டின் விலையாக இருப்பதில்லை. அதனால் வளைவு குறைந்த தகடுகளை ரோஸ் ஹில்லில் தோலியே என்று இங்கே அழைக்கப்படும் தகடடிப்பவர்களில் ஒரு வயதானவரிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். மாதிரித் தகட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அளவுகோலைத் தொடாமல் அவர் மடித்துக் கொடுத்த விளிம்பு, இங்கிலாந்திலிருந்து வந்த தகட்டைவிட நன்றாகப் பொருந்தியது. அங்குல அளவுத் திருகுகளும் ஸ்பானர்களும் மட்டும் இங்குள்ள கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை, ஜப்பானிய வண்டிகளுக்குரிய மில்லிமீட்டர் அளவுகளே எங்கும் நிறைந்திருக்கின்றன.

விற்பது பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழுவது பணத்தால் அல்ல, புயலால். தீவுக்கு மூன்றாம் நிலை எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டிகளைக் கராஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். எங்கள் கராஜில் ஓடாத வண்டி பத்திரமாக இருக்க, ஓடுகிற வண்டி மாமரத்தடியில் நிற்கும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போன காட்சிகளை எல்லோரும் பார்த்தோம். அன்றிலிருந்து என் மனைவி வாய்திறந்து எதுவும் கேட்பதில்லை. எச்சரிக்கை வந்ததும் கராஜ் வாசலில் வந்து நின்று உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறாள்.

பணக் கணக்கைப் பார்த்தால் வைத்திருப்பதே சரி. பாதியில் நிற்கும் வண்டிக்கு, அதற்குள் போட்ட பாகங்களின் மொத்த மதிப்பைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். பெட்டிகளுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்ற சந்தேகத்தை வாங்குபவர் விலையில் கழித்துக்கொள்வார். தகட்டுக்கு அடியில் செய்த நல்ல வேலை கண்ணுக்குத் தெரியாது, தொங்கும் ஒயர்கள் தெரியும். மீதியுள்ள ஒயரிங்கையும் கண்ணாடியையும் முடித்து ஓடும் நிலையில் விற்றால் கிடைக்கும் விலையே வேறு. மீதி வேலையும் கடினமானதன்று. அழுக்கான, கனமான, ஆபத்தான வேலை எல்லாம் முடிந்துவிட்டது. முடிக்க வேண்டிய நிலைக்கு இவ்வளவு அருகில் இது எப்போதும் வந்ததில்லை.

ஆனாலும் விற்கப் போகிறேன். இதே கேள்வியை ஜூன் மாதத்தில், எஞ்சின் முதன்முதலாக ஓடத் தொடங்கிய நாட்களில் கேட்டிருந்தால், வைத்திருப்பேன் என்று இதே காரணங்களைக் காட்டி எழுதியிருப்பேன். அதில் ஒரு காரணமும் இன்று பொய்யாகிவிடவில்லை. ஒயரிங் வேலையைப் பார்க்கும்போது எனக்கு ஆசை வருகிறது, அந்தத் தரைமூடியைப் பார்க்கும்போது வெறுப்பு வருகிறது. வண்டியில் உட்கார்ந்தால் இரண்டில் காலடியில் இருப்பது மூடிதான்.

தமக்கை மகனுக்கு மட்டும் கொடுக்கப் போவதில்லை. அவன் ஆசையிலும் உழைப்பிலும் எனக்குச் சந்தேகம் இல்லை; ஆனால் வண்டி உறவுக்குள் இருந்தால், அது என்றைக்குக் கசிந்தாலும் அடியில் போய்ப் படுக்கப் போவது நான்தான். அவன் வேறு எங்காவது நல்ல மைனர் ஒன்றைப் பார்த்தால், வாங்குவதற்கு முன் கார்பெட்டைத் தூக்கி அடிச்சட்டத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால், வண்ணம் எவ்வளவு பளபளத்தாலும், அடிச்சட்டத் தகட்டின் செலவையும் சேர்த்துக் கழித்தே விலை பேச வேண்டும்.

வெளியார் யாராவது வாங்க வந்தால் என் நிபந்தனை ஒன்றுதான். வண்டியோடு மாடியிலுள்ள இருக்கைகள், கண்ணாடிகள், இரண்டாவது கியர்பாக்ஸ், அங்குல ஸ்பானர்கள் அனைத்தையும் ஒரே நாளில் எடுத்துச் சென்றுவிட வேண்டும். புதிய பிரேக் பாகங்களுக்கு நான் கொடுத்த விலை என் கேட்கும் விலைக்குள் முழுமையாக இருக்கிறது. அதில் மட்டும் பேரம் கிடையாது.