பழைய நிக்கான் கேமராவுக்கு மலிவான ஜூம் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையில் பழைய கேமராப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 3,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய 28-80 மி.மீ. ஜூம் லென்ஸ், என்னுடைய நிக்கான் எஃப்எம்10 கேமராவில் ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்யக்கூடியது அல்ல. இது தெரிந்தே விற்கப்பட்டது என்பதுதான் என் மனத்தாங்கல். ஃபிலிமில் படம் எடுக்கப் பழகும் கல்லூரிப் பிள்ளைகள் இப்படிப்பட்ட லென்ஸ்களைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கேமராவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டித்தான் லென்ஸ் கேட்டேன். இதில் அபெர்ச்சர் வளையமே (வெளிச்சம் நுழையும் துளையைக் கையால் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் உதவும் வளையம்) இல்லையே என்றதற்குக் கடைக்காரர், “அதெல்லாம் தானா செட் ஆகிக்கும் சார். நிக்கான் பாடி, நிக்கான் லென்ஸு, பொருந்தாம எங்க போகும்? பச்சை லைட் எரிஞ்சா அடிங்க, அவ்வளவுதான்” என்றார். மாட்டிப் பார்த்தபோது வியூஃபைண்டர் வெளிச்சமாகத்தான் இருந்தது. வெளிச்சத்தை அளந்து சொல்லும் மீட்டரின் பச்சை வட்டமும் ஒளிர்ந்தது.

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். அந்த லென்ஸ் நிக்கானின் ‘ஜி’ வகையைச் சேர்ந்தது. எஃப்80, எஃப்100 போன்ற ஆட்டோஃபோகஸ் பாடிகள் அபெர்ச்சரைத் தாங்களே கட்டுப்படுத்துவதால், அவற்றில் இந்த லென்ஸுக்கு வளையம் தேவைப்படாது. ஆனால் எஃப்எம்10, எஃப்எம்2 போன்ற கையால் இயக்கும் பாடிகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. நாம் பார்க்கும்வரை பாடியிலுள்ள நெம்புகோல் லென்ஸைத் திறந்தே வைத்திருக்கும். ஷட்டரை அழுத்திய கணத்தில் அது விலகிக்கொள்ள, லென்ஸ் எஃப்/22 வரை முழுவதும் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). மீட்டரோ லென்ஸ் எஃப்/3.3-இல் முழுக்கத் திறந்திருப்பதாக எண்ணிக் கணக்குச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டு எடுத்தால், ஃபிலிமுக்குச் சேர வேண்டிய வெளிச்சத்தில் ஏறத்தாழ 44-இல் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலில் ஒரு ரோல் முழுவதையும் எடுத்து, கழுவக் கொடுத்தேன். வந்த நெகட்டிவில், முற்றத்து வெயிலில் எடுத்தவை மட்டும் புகை படிந்ததுபோல் மங்கலாகத் தெரிந்தன. தூண்களுக்கு இடையே நிழலில் எடுத்த இடங்களில் ஃபிலிமின் ஆரஞ்சு நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மெனக்கெட்டு எடுத்த உழைப்பும், ஃபிலிமுக்கும் லேபுக்கும் கொடுத்த காசும் போனது போனதுதான்.

திரும்பக் கொண்டுபோனபோது, லேபில் கழுவியவர்கள் கெடுத்திருப்பார்கள் என்று கடைக்காரர் கைகாட்டினார். ஃபிலிமின் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதியும் ஃப்ரேம் எண்களும் எழுத்துகளும் கருமையாக, தெளிவாக விழுந்திருந்தன. கழுவியதில் கோளாறு இருந்தால் அவையும் வெளுத்திருக்கும். அதைக் காட்டிய பிறகு, “இது ஆட்டோ பாடிக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியுமே சார்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பணத்தைத் திருப்பித் தர மறுத்து, மேலும் ஆயிரம் கொடுத்தால் ஒரு 35-70 ஜூம் லென்ஸ் தருவதாகச் சொன்னார். அதற்குள் “லேசா தூசி” என்றார். செல்போன் விளக்கை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் சாய்வாகப் பார்த்தால், உள் கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, பூசணம் சல்லிவேர்போலக் கிளைத்து ஓடியிருந்தது. தூசி புள்ளியாகத் தெரியுமே தவிர, இப்படிக் கிளைக்காது. பூசணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் போகாது.

மலிவான ஜூம் லென்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. எஃப்எம்10-உடனேயே சேர்த்து விற்கப்பட்ட 35-70 எஃப்/3.5-4.8 லென்ஸ், அபெர்ச்சர் வளையம் உள்ள, அந்தப் பாடிக்கு முழுக்கப் பொருந்துகிற லென்ஸ். அகன்ற கோணத்தில் நேரான தூண் சற்று வெளிப்புறமாகப் புடைத்துத் தெரிவது, எதிர்வெயிலில் படம் வெளிறுவது, முழுத் திறப்பில் ஓரங்கள் கூர்மை குறைவது ஆகியவையெல்லாம் இவ்வகை லென்ஸ்களில் விலைக்கேற்ற குறைகள். எஃப்/8-க்குச் சுருக்கினால் ஓரங்கள் பெரும்பாலும் தேறிவிடும், மதுரை வெயிலில் அதற்கு வெளிச்சப் பஞ்சமும் இல்லை. விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க நினைப்பவருக்குத்தான் இவை கைகொடுக்காது. அவருக்கு வளையம் உள்ள 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸே ஏற்றது, இத்தகைய ஜூமின் எஃப்/4.5 திறப்பைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலையில்) வைத்து, லென்ஸை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து அழுத்திக்கொண்டே பின்புறமிருந்து பாருங்கள். வளையத்தை எஃப்/4-இல் வைத்து ஒருமுறையும் எஃப்/16-இல் வைத்து ஒருமுறையும் அழுத்தும்போது துளையின் அளவு மாற வேண்டும். துளையைச் சுற்றியுள்ள மெல்லிய இதழ்கள் தயங்காமல் சட்டென்று சுருங்க வேண்டும். அவற்றில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. எனக்கு விற்ற லென்ஸில் எத்தனை முறை அழுத்தினாலும் தெரிவது குண்டூசித் தலை அளவுத் துளைதான். டிஜிட்டல் கேமராவின் 18-55 லென்ஸையும் ஃபிலிமுக்கு ஆகும் என்று தள்ளிவிடுகிறார்கள்; அது சிறிய சென்சாருக்குச் செய்யப்பட்டது என்பதால், 36×24 மி.மீ. ஃப்ரேமின் மூலைகள் கறுத்துப்போகும்.

எனக்கு ரசீது தரப்படவில்லை. கேட்டதற்கு, பழைய பொருளுக்கு அந்த வழக்கமில்லை என்று பதில் வந்தது. நீங்கள் வாங்கும்போது, எந்தப் பாடிக்காக லென்ஸ் விற்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதிய ரசீது கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். அந்த ஒரு வரி கையில் இருந்தால்தான், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ உங்கள் புகார் வலுவாக நிற்கும்.