ஒன்பது ஆண்டுகளாகத் தோளில் தொங்கும் நாலு தந்தி

எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைப்பாலம் செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகளுக்கானது. நாலைந்து கிலோவெல்லாம் அதன் கணக்கிலேயே வராது. அதனால் என் பேஸ் கிட்டாரை மளிகைக்கடைக்குத் தூக்கிப்போய், வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் கிடத்திப் பார்த்தேன். 4 கிலோ 100 கிராம். "இரண்டு ஆட்டுத்தொடை சேர்ந்தால் இவ்வளவு வரும்" என்றார் கடைக்கார அண்ணன். கல்யாண விருந்தில் இரவு ஏழரைக்கு மாட்டினால் பதினொன்றரைக்குத்தான் கழற்றுவேன். ஒன்பது ஆண்டுகளில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட மனம் வரவில்லை. இடது தோளுக்குத் தெரியும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பேராக் மாநிலம் முழுக்க வாசித்துத் திரியும் ஆறு பேர் குழு எங்களுடையது. கோலகங்சார், தாப்பா, பீடோர், எப்போதாவது தெலுக் இந்தான் வரைக்கும் வேன் போகும். வார நாள்களில் நான் ஆலையில் கிராணி (எழுத்தர்), சனிக்கிழமைகளில் பேஸ்காரன். இந்தக் கருவியை 2016இல் ஈப்போவில் ஒருவரிடம் பழைய பொருளாக 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். எந்த நிறுவனத்துடையது என்று எழுதப்போவதில்லை. நல்லதைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள். குறையைச் சொன்னால் அதே கருவியை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். பாட்டரி இல்லாத, நாலு தந்தி, தந்தி நீளம் 34 அங்குலம் உள்ள பேஸ். நடுவில் பிரசிஷன் வகைப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்), தந்திகள் உடலில் முடியும் பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் வகைப் பிக்கப். இந்த விவரம் போதும், ஏனென்றால் இந்த அமைப்பில் பத்து நிறுவனங்கள் கருவி செய்கின்றன.

முதலில் அந்த இரண்டு பிக்கப்புகளைப் பற்றி. ஃபெண்டர் நிறுவனம் பிரசிஷன் பேஸை 1951இல் கொண்டுவந்தது. பிக்கப்பை இரண்டு துண்டாக்கி முன்னும் பின்னுமாகத் தள்ளிவைத்த வடிவம் 1957இல் வந்தது. அந்த இரண்டு துண்டுகளின் சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் அப்படியில்லை. இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் உறுமத் தொடங்கும். என் கருவியிலோ ஒன்று பிரசிஷன், ஒன்று ஜாஸ். பின் பிக்கப்பைத் திறந்தாலே கொஞ்சம் உறுமல் உண்டு. வீட்டில் அது தெரியாது. மேடையைச் சுற்றி வண்ண விளக்கும் குழல் விளக்கும் போட்டிருக்கும் கல்யாண மண்டபத்தில், பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசும்போது நன்றாகத் தெரியும். வாங்கிய முதல் ஆண்டு இதற்காகக் கருவியைத் திட்டினேன். இப்போது பேச்சு தொடங்கினால் பின் பிக்கப்பை முழுதாக மூடிவிடுகிறேன், அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் வைத்திருந்தது ஐந்து தந்தி, பாட்டரி போடும் வகை. ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கினேன். ஐந்தாம் தந்தியின் கீழ்ச் சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸ். என்னிடம் அப்போது இருந்த பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்கு அந்தச் சுரம் என்றால் என்னவென்றே தெரியாது. சத்தம் வராமல் காற்று மட்டும் வந்தது. போதாததற்கு, கேபிளைச் செருகினால் உள்ளே மின்சாரம் ஓடத் தொடங்கும் என்பதை மறந்து, மூன்று வாரம் செருகியபடியே சுவரில் சாய்த்துவைத்திருந்தேன். அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும் நேரத்தில் பேஸ் தொண்டை கட்டிய சேவல் போல ஆனது. ஒன்பது வோல்ட் பாட்டரி வாங்க டிரம்ஸ் வாசிக்கும் தம்பி மோட்டார் சைக்கிளில் பறந்தான். அவன் வருவதற்குள் உருமி மேளக்காரர்கள் உள்ளே வந்துவிட்டதால் என் மானம் தப்பியது. உருமி அடிக்கும்போது பேஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஐந்து தந்திக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடகர் "அரை சுருதி இறக்குங்கள்" என்பார். கீபோர்டு அண்ணன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சிரிப்பார். அவருக்கு விரல் மாறாது. நமக்கு எல்லாமே மாறும். நாலு தந்தியில் நாலாம் தந்தியின் ஈ (E) சுரத்துக்குக் கீழே போக வழியில்லை. ஐந்து தந்திக்காரன் ஒரு தந்தி தள்ளிப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். பாடகர்கள் நிறைய மாறும் குழுவில் வாசிப்பவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

தோட்டத்து மண்டபங்களைப் பற்றிச் சொல்லாமல் கருவியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நாலு பக்கமும் சுவர் அல்லது பாதிச் சுவர். நாலாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ்; அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். சிறிய மண்டபத்தில் அது மோதித் திரும்பி, ஓரிடத்தில் குமுறும், இன்னோரிடத்தில் காணாமலே போகும். பெரும்பாலான பேஸ்காரர்கள், நானும்தான், "கேட்கவில்லை" என்று கீழ் அலைகளைக் கூட்டுவோம். மண்டபம் இன்னும் குமுறும், சுரம் இன்னும் மங்கும். 2018 வாக்கில் ஒரு வயதான ஒலியமைப்பாளர் என் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) கைவைத்துக் கீழ்ப் பகுதியைக் குறைத்து, நடுப் பகுதியைக் கொஞ்சம் ஏற்றினார். மேடையில் நின்ற எனக்குத் தகர டப்பா மாதிரி இருந்தது. "தம்பி, கீழே இறங்கிவந்து கேள்" என்றார். நீண்ட கேபிளோடு மூன்றாவது மேசை வரைக்கும் நடந்துபோய் வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, பிரியாணி வாசனை போல, மேசைக்கு வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆம்பை மூலையில் வைப்பதும் இல்லை. மூலை, கீழ் அலையைத் தானாகவே ஊதிப் பெரிதாக்கும்.

இந்த விஷயத்தில் பிரசிஷன் வகைப் பிக்கப்புக்கு நான் கடமைப்பட்டவன். அதற்கு நடுப் பகுதி இயல்பாகவே உண்டு. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைக் கேட்டு வந்து அமர்பவர்களுக்குப் பேஸ் எங்கே ஏறும், எங்கே வழுக்கி இறங்கும் என்பது மனப்பாடம். அங்கே பேஸ் தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். சுரம் மங்கினால் கருவி தெரியாத சித்தப்பாகூட முகம் சுளிப்பார்.

தந்திகளுக்கு வருகிறேன். வாங்கியபோது இருந்தவை வட்டக் கம்பி சுற்றியவை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 45 முதல் 105 வரையிலான வழக்கமான கனம். நம் ஊர்ப் புழுக்கத்தில் என் விரல் வியர்வைக்கு அவை மூன்று மாதம் தாங்கின. பிறகு போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிடும். 2017இல் தட்டைக் கம்பி சுற்றிய தந்தி ஒரு கட்டு 210 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டில் அந்த விலையைச் சொல்லவில்லை. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் அழுக்கு இடுக்குகளில் ஏறாது, விரல் உராயும் கீச்சொலி கிடையாது, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியான பிரெட்டும் குறைவாகத் தேய்கிறது. முதல் இரண்டு வாரம் இரும்புக் கம்பியைப் பிடிப்பது போல் விறைப்பாக இருந்தது, பின்னர் பழகிவிட்டது. இப்போது மாட்டியிருப்பது இரண்டாவது கட்டு, 2021 இறுதியில் போட்டது. இன்னும் மாற்றத் தோன்றவில்லை. குத்துப்பாட்டில் கட்டைவிரலால் அடித்து வாசிக்க வேண்டும் என்றால் மட்டும் இது உதவாது. மொத்தையாகக் கேட்கும். எங்கள் டிரம்ஸ் தம்பிக்கு இதில் நிரந்தரக் குறை.

முதல் கட்டு போனதற்குக் காரணம் தந்தி அல்ல. 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இரண்டு வாரம்தான் என்று நினைத்து, கருவியைப் பையில் போட்டு அலமாரிக்கு மேல் ஏற்றினேன். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் நாங்கள் மேடை ஏறவில்லை. நடுவில் ஒருநாள் திறந்துபார்த்தபோது பையின் உள்பஞ்சு முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. கழுத்தின் பின்பக்கம் விரல் வைத்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு. பிரிட்ஜ் திருகுகள் துருவேறிப்போயிருந்தன. ஒன்று சாவிக்கு அசையவே இல்லை. கழுத்து முன்பக்கமாக வளைந்து, பன்னிரண்டாம் பிரெட்டில் தந்திக்குக் கீழே சுண்டுவிரல் நுழையும் போல் இருந்தது. பை என்பது பயணத்துக்கு மட்டும் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது வெளிச்சுவராக இல்லாத உள்சுவரில், காற்றோட்டமாகத் தொங்குகிறது.

கழுத்தை நிமிர்த்தியதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதற்குப் பயந்து கருவியையே விற்றுவிடுகிறார்கள். முதல் பிரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்றைப் பூட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டை வலது கையால் அழுத்த வேண்டும். இப்போது தந்திதான் நேர்கோல். ஏழாம் எட்டாம் பிரெட்டின் மேல் அதற்கு எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் போதும். ஒரு முகவரி அட்டை நுழைந்து லேசாக உரசும் அளவு. அதிகமாக இருந்தால், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நேரத்தில் கூடாது. மீண்டும் சுருதி சேர்த்து, ஒரு இரவு விட்டு, மறுநாள் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று இரவுகள் ஆயின. சாவி இறுகி நின்றால் பலம் காட்டாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோவதுதான் புத்தி.

மின்சாரம். இதில் எனக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது. ஒரு கோயில் திருவிழாவில் ஜெனரேட்டரில் வாசித்தோம். ஒலிபெருக்கியில் இரைச்சல் வருகிறது என்று யாரோ எர்த் கம்பியைக் கழற்றியிருக்கிறார்கள். கோரஸ் பாட மைக்கில் உதடு வைத்தேன். கட்டெறும்பு கடித்தது போல் சுரீர் என்றது. தந்தியிலிருந்து கை தானாக எகிறியது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது மைக் வலைக்கும் என் பிரிட்ஜுக்கும் நடுவே நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வாசிப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நான் மைக் அருகே போவதில்லை. மூன்று முனைச் செருகியில் எர்த் முனையை எடுப்பது இரைச்சலுக்கு வைத்தியம் ஆகாது. வைத்தியம், கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் டி.ஐ. பெட்டியில் இருக்கிறது. மின்மாற்றி உள்ள சாதாரணப் பெட்டி, 150 வெள்ளி. ஆறு மீட்டர் கேபிளில் கருவியிலிருந்து அதற்கு, அதிலிருந்து மிக்சர் வரை முப்பது மீட்டர் மைக் கேபிள். உறுமல் வந்தால் பெட்டியின் பக்கத்தில் உள்ள எர்த் பொத்தானைத் தள்ளினால் ஒலிக் கேபிளின் எர்த் மட்டும் பிரியும், ஆம்பின் எர்த் அப்படியே இருக்கும். வாங்கியவற்றிலேயே ஒருமுறைகூடப் பழுதாகாத பொருள் இது ஒன்றுதான்.

ஆம்ப் பற்றிச் சுருக்கமாக. முன்பு வைத்திருந்தது முப்பது கிலோ. வேனிலிருந்து மேடை வரை இரண்டு பேர் தூக்குவோம், அதில் ஒருவர் எப்போதும் சாப்பிடப் போயிருப்பார். இப்போது இரண்டு கிலோ கிளாஸ் டி ஆம்பும் ஒரு பன்னிரண்டு அங்குலப் பெட்டியும். 500 வாட் என்று எழுதியிருப்பது பெட்டியின் மின்தடை 4 ஓம் ஆக இருந்தால். என்னுடைய 8 ஓம் பெட்டி ஒன்றோடு ஏறக்குறைய பாதிதான் வரும். இன்னொரு 8 ஓம் பெட்டி சேர்த்தால் 4 ஓம் ஆகும். மூன்றாவதைச் சேர்த்துத் தடையை இன்னும் குறைத்து ஆம்பைக் கொல்லக் கூடாது. வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும் என்பதால் நான் இரண்டாவது பெட்டியே வாங்கவில்லை.

சில்லறைப் பழுதுகள் சொல்லும்படி இல்லை. ஒலி அளவுத் திருகி கரகரத்தது, தெளிப்பான் அடித்ததும் சரியானது. கேபிள் செருகும் ஜாக் இரண்டு முறை தளர்ந்து ஒருமுறை ஈயப் பற்று விட்டது. எட்டு வெள்ளிக்குப் புதியது போட்டேன். தோள்வார் ஒருநாள் பாட்டின் நடுவே பொத்தானிலிருந்து கழன்று கருவி முழங்காலில் வந்து நின்றது. அதைத் தடுக்கத் தடித்த ரப்பர் வாஷர் இரண்டு போதும். தாத்தா காலமெல்லாம் கித்தா (ரப்பர்) பால் வெட்டிய ஊரில், பொருத்தமான ரப்பர் வாஷருக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் குழாய்க் கடையில் கிடைத்தது, முப்பது காசு.

வரும் சனிக்கிழமை தாப்பாவில் கல்யாணம். புதிய பாடகி எல்லாப் பாட்டையும் அரை சுருதி இறக்கச் சொல்லியிருக்கிறார். கீபோர்டு அண்ணன் வழக்கம்போலச் சிரித்தார். நான் நாலு தந்தியையும் அரை சுருதி இறக்கிவிட்டேன். இறுக்கம் குறைந்ததும் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்து, மூன்றாம் பிரெட்டில் தந்தி லேசாக உராய்கிறது. இன்றிரவு டிரஸ் ராடை அரைக்கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, நாளை காலை வேலைக்குப் போவதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டும்.