மேடைச் சான்றிதழா, பணிப்பதிவேட்டில் பாராட்டா?

சென்னை மாநகராட்சியின் தண்டையார்பேட்டை, இராயபுரம் மண்டலங்களில் துடிப்பாக வேலை பார்க்கும் இளம் அரசு ஊழியரைப் பாராட்ட இரண்டு வழி. ஒன்று, ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் சான்றிதழ். வீட்டார் பார்க்கக் கைதட்டல் கிடைக்கும். அந்த மகிழ்ச்சி சின்னதல்ல. ஆனால் பெயர்ப் பட்டியலைக் கடைசி நேரத்தில் கேட்டால் சீனியாரிட்டிப்படி நிரப்பிவிடுவார்கள். சேர்ந்து மூன்றே வருடமான உதவிப் பொறியாளருக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, பாராட்டுக் கடிதம் எழுதி, ஊழியரின் பணி விவரங்கள் ஏறும் பணிப்பதிவேட்டில் பதிவது. எங்கள் ஓட்டு இதற்கே. "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. "2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில், இன்ன தெருவில் வடிகால் அடைப்பை எடுத்து, இத்தனை மணி நேரத்தில் தண்ணீரை வடித்தார்" என்று தேதி, இடம், அளவோடு எழுத வேண்டும். நேரடி மேலதிகாரியே ஒரு மாதத்துக்குள் எழுதட்டும். தள்ளிப்போட்டால் அவரே மாறுதலாகிப் போய்விடுவார். கடிதம் கோப்பிலேயே தங்கிவிடுவதும் உண்டு. பதிவேட்டில் ஏறிக் கையொப்பமானதும் ஊழியர் நகல் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குப் பணிப்பதிவேடே கிடையாது. அவருக்கு மேடைச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். அதிலும் செய்த வேலையை ஒரு வரி எழுதுங்கள்.