கப்பல் சுற்றுலா: பால்கனி கேபினா, உள் கேபினா?

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது எல்லோரும் திணறும் இடம் கேபின்தான். ஒரே கப்பல், ஒரே சாப்பாடு, ஒரே நீச்சல் குளம், ராத்திரி ஒரே கலைநிகழ்ச்சி. ஆனால் ஜன்னல்கூட இல்லாத உள் கேபினுக்கு ஒரு விலை, பால்கனி வைத்த கேபினுக்கு அதைவிடக் கணிசமாக அதிகம். "ரூம்ல யாரு இருக்கப்போறா? தூங்கத்தானே போறோம், உள்ளயே போட்டுடுங்க" என்று ஏஜென்டும் சொல்வார், ஏற்கெனவே போய்வந்த சொந்தக்காரரும் சொல்வார்.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணத்தில் நாங்கள் இரண்டையுமே எடுத்தோம். அப்பா அம்மாவுக்குப் பால்கனி கேபின். எனக்கும் மனைவிக்கும் பையனுக்கும் அதே நடைவழியில் நேர் எதிரே உள் கேபின். நாள் முழுக்க இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்ததால் இரண்டின் குணமும் நன்றாகவே பிடிபட்டது. என் ஓட்டு பால்கனிக்கு. கடல் அழகாகத் தெரியும் என்பதற்காக இல்லை. கடலை மேல்தளத்தில் நின்றும் பார்க்கலாம். நிம்மதியாக உட்கார ஓர் இடம் கிடைக்கும் என்பதற்காக.

உள் கேபினைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரும்பாலான கப்பல்களில் 150 சதுர அடி அளவில் இருக்கும். இரட்டைக் கட்டில், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்கும் மூன்றாவது படுக்கை, சின்ன மேசை, ஒருவர் நின்று குளிக்கும் அளவுக்குக் குளியலறை. பெட்டிகளைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் நடக்க இடம் கிடைத்துவிடும். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. அந்த இருட்டில் வரும் தூக்கம் வீட்டில்கூட வராது. என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விடிந்ததா இல்லையா என்று மட்டும் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: பல கப்பல்களில் முன்பக்கக் கேமரா காட்டும் காட்சியை டிவியில் ஒரு சானலாக வைத்திருப்பார்கள். சத்தத்தை அணைத்து அதை ஓடவிட்டுப் படுத்தால், திரை வெளுக்கும்போது பொழுது விடிகிறது என்று அர்த்தம்.

சரி, தூங்குவதற்கு மட்டும்தான் கேபினா? இளவயதுக்காரர்களுக்கு அப்படித்தான். வயதானவர்கள் கூட வந்தால் கணக்கே மாறிவிடுகிறது.

கப்பலில் ஒரு பகல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களில் நம்மவர்கள் அதிகம் ஏறும் ஜென்டிங் ட்ரீம், 2016-இல் ஜெர்மனியின் பாப்பென்பர்க்கில் கட்டியது. நீளம் 335 மீட்டர். கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 3,300-க்கு மேற்பட்ட பயணிகள். பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கையும் நிரம்பும். கப்பல் நடுக்கடலில் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் இவ்வளவு பேரும் உள்ளேதான் இருந்தாக வேண்டும். காலை பஃபேயில் தட்டோடு மேசை தேட வேண்டும். நீச்சல் குளத்தைச் சுற்றி ஒலிபெருக்கியில் பாட்டு, நடுவில் போட்டி, கைதட்டல். நிழலில் இருக்கும் சாய்வு நாற்காலிகளில் சீக்கிரமே யாராவது துண்டு போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். உள்ளே ஏசி போட்ட லவுஞ்ச் பக்கம் போனால் பிங்கோ, நடன வகுப்பு, கடைகளின் தள்ளுபடிக் கூட்டம். நிகழ்ச்சி முடிந்து அரங்கம் காலியாகும் நேரத்தில் லிஃப்டுக்கு முன்னால் பெரும் வரிசை.

எங்களுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். பையன் சறுக்குக்குழாயை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் எழுபது தாண்டிய, முழங்கால் வலிக்காரரான அப்பாவுக்கு? காலைச் சாப்பாடு முடிந்து மதியச் சாப்பாடுவரை அவர் எங்கே இருப்பார்? உள் கேபின் என்றால் கட்டிலில் காலை நீட்டி டிவி பார்க்கலாம். அது வெறுத்துப்போனால் மறுபடி நீள நடைவழி, லிஃப்ட், கூட்டம். விடுமுறைக்கு வந்தவர் எங்கே உட்காருவது என்று தேடியே களைத்துப்போவார்.

பால்கனியில் இரண்டு நாற்காலி, குட்டி மேசை ஒன்று. அவ்வளவுதான். காலையில் பஃபேயிலிருந்து காபியும் இரண்டு இட்லியும் எடுத்துவந்து கொடுத்துவிட்டு நாங்கள் எங்கள் பாட்டுக்குப் போய்விடுவோம். மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே நாங்கள் போன மலாக்கா நீரிணையில் கப்பலுக்குப் பஞ்சமே இல்லை. உலகத்திலேயே போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளில் ஒன்று. எண்ணெய்க் கப்பல், கன்டெய்னர் கப்பல், சாமான்களோடு ஊரும் சின்னப் படகு என்று ஒன்று மாற்றி ஒன்று எதிரே வந்துகொண்டே இருக்கும். அப்பா அதில் ஒரு விளையாட்டே கண்டுபிடித்துவிட்டார். சரக்கு ஏற்றிய கப்பல் நீரில் நன்றாக அமிழ்ந்து போகும். காலிக் கப்பல் உயர்ந்து மிதக்கும், அடிப்பக்கத்துச் சிவப்புப் பூச்சு பட்டையாகத் தெரியும். "அதோ பாருடா, சிவப்பு தெரியுது. காலியாப் போறான்" என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அந்த நாற்காலியிலேயே சஷ்டி கவசம் சொல்லி முடித்து, மதியம் அங்கேயே குட்டித் தூக்கமும் போட்டார். யாரையும் எழுந்துகொள்ளச் சொல்ல வேண்டாம், யாரும் வந்து எழுப்பவும் மாட்டார்கள். 3,000 பேர் இருக்கும் இடத்தில் இது பெரிய விஷயம்.

எந்தப் பக்கத்துப் பால்கனி என்பதும் இங்கே முக்கியம். பினாங்குப் பக்கம் போகும்போது கப்பல் வடமேற்கே ஓடுகிறது. அப்போது இடப்பக்கத்துக் கேபினுக்கு மாலைச் சூரியன் கிடைக்கும், வலப்பக்கம் மலேசியக் கரை இருக்கும். திரும்பி வரும்போது சூரியன் வலப்பக்கத்துக்குப் போய்விடும். கடல் பாதையில் கப்பல்கள் வலம் ஒதுங்கிப் போவதால், எதிரே வரும் போக்குவரத்து போகும்போதும் வரும்போதும் இடப்பக்கத்தில்தான். கப்பல் வேடிக்கை பிடித்தவர்கள் இடப்பக்கம் கேட்டு வாங்குங்கள்.

பால்கனியின் குறைகளும் இருக்கின்றன. இது வெப்பமண்டலக் கடல். பதினொரு மணிக்குமேல் வெயில் விழும் பக்கமாக இருந்தால் உட்கார முடியாது; காலையும் மாலையும்தான் அதன் நேரம். கதவைத் திறந்துவைத்தால் பல கப்பல்களில் கேபினின் ஏசி தானாக நின்றுவிடும், நிற்காவிட்டால் ஈரக்காற்று புகுந்து கண்ணாடியெல்லாம் வியர்க்கும். பக்கத்துப் பால்கனிப் பேச்சு தடுப்பைத் தாண்டிக் கேட்கும். கைப்பிடியில் உப்புப் பிசுபிசுப்பு. சின்னக் குழந்தை இருந்தால் நாற்காலியைக் கம்பி ஓரமாக விட்டுவைக்கவே கூடாது, கதவின் மேல்தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்க வேண்டும். எங்கள் பையனைத் தனியாக அங்கே விட்டதே இல்லை.

ஆட்டம் விஷயத்தில் உள் கேபினே ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பல் ஆடும்போது நடுப்பகுதியும் கீழ்த்தளங்களும் குறைவாக ஆடும்; முனைகளும் மேல்தளங்களும் அதிகம் ஆடும். பால்கனிகள் பெரும்பாலும் மேல்தளங்களில்தான் இருக்கின்றன. பக்கவாட்டு ஆட்டத்தை நீருக்கடியில் இருக்கும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் அடக்கிவிடும். முன்னும் பின்னும் தூக்கிப்போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதிதான். ஆனால் புக்கெட் இருக்கும் அந்தமான் கடல், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை முரண்டுபிடிக்கும். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்கள் அந்த மாதங்களில் போவதாக இருந்தால், கப்பலின் நடுவில், கீழே உள்ள கேபினை எடுப்பதுதான் புத்திசாலித்தனம், அது ஜன்னல் இல்லாததாக இருந்தாலும். பால்கனிதான் வேண்டும் என்றால் நடுப்பகுதியில், கிடைப்பதிலேயே கீழ்த்தளமாகப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரட்டிப்புக் கட்ட வேண்டிவரும். மூன்றாவது ஆளுக்குக் குறையும். அதோடு துறைமுகக் கட்டணம், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஆளுக்கு வசூலிக்கும் பணியாளர் அன்பளிப்பு, இன்டர்நெட், குளிர்பானம், கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு. இவை உள் கேபினுக்கும் பால்கனிக்கும் ஒன்றுதான். சூட் எனப்படும் சொகுசுக் கேபின்களில்தான் அன்பளிப்பு கூடும். சென்னையிலிருந்து விமான டிக்கெட்டும், சிங்கப்பூரில் ஓரிரு நாள் தங்குவதும் அப்படியே. ஆகவே கேபின் கட்டணத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பால்கனி மலையாகத் தெரியும். மொத்தப் பயணச் செலவில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டித்தான் அப்பாவைச் சம்மதிக்கவைத்தோம். "எனக்கெதுக்குப்பா பால்கனியெல்லாம்" என்று அதற்கு முன் பிடிவாதமாக இருந்தார்.

ஐந்து பேருக்கும் பால்கனி எடுத்திருந்தால் தண்டச் செலவு. பெரியவர்களுக்குப் பால்கனி, மற்றவர்களுக்கு எதிரே உள் கேபின் என்பதுதான் கூட்டுக் குடும்பத்துக்குச் சரியான ஏற்பாடு. மாலையில் எல்லோரும் ஒரே பால்கனியில் கூடலாம், ராத்திரி எங்களுக்கு இருட்டுத் தூக்கம். சாவி அட்டை அவரவர் கேபினைத்தான் திறக்கும். பெற்றோர் கேபினுக்கு இன்னொரு அட்டை தர முடியுமா என்று ஏறியவுடனே வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

உள் கேபினே போதும் என்று நான் சொல்லக்கூடிய பயணங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்கும் வகை, கப்பல் பெரும்பாலும் ராத்திரியில் ஓடிப் பகலில் துறைமுகத்தில் நிற்கும் வகை. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. அப்படிப்பட்ட நாளில் பால்கனியில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. கப்பலைச் சுற்றி நடக்கத் திறந்த நடைதளம் இருந்தாலும் உள் கேபின்காரர்களுக்கு நல்லது. ஜென்டிங் ட்ரீமில் 8வது தளத்தில் இருக்கிறது. குளத்துப் பக்கத்துக் கூட்டம் அங்கே வராது.

இடைப்பட்டது ஜன்னல் கேபின். திறக்க முடியாத கண்ணாடி. வெளிச்சம் வரும், காற்று வராது. ஆட்டத்துக்குப் பயப்படுபவர்களுக்குக் கீழ்த்தளத்து ஜன்னல் கேபின் நல்ல சமரசம். ராயல் கரீபியன் நிறுவனம் 2014-இல் வந்த குவான்டம் வகைக் கப்பல்களில், உள் கேபின் சுவரில் 80 அங்குலத் திரை வைத்து வெளிக்கடலை நேரலையாகக் காட்டுகிறது. வெளிச்சத்துக்கு உதவும், காலை நீட்டி உட்காரக் காற்றோட்டமான இடம் அதில் கிடையாது. இன்னும் பெரிய ஓயாசிஸ் வகையில், கடலைப் பார்க்காமல் கப்பலின் நடுவிலுள்ள பூங்காவைப் பார்க்கும் பால்கனிகளும் இருக்கின்றன. "பால்கனி" என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

பால்கனி ஒரு காலத்தில் பணக்காரர்களுக்கு மட்டுமான வசதியாக இருந்தது. 1984-இல் வந்த ராயல் பிரின்சஸ்தான் எல்லாக் கேபினும் வெளிப்பக்கமாக அமைந்த கப்பல் என்று பேசப்பட்டது. அதிலும் 150 கேபின்களுக்குத்தான் பால்கனி. பழைய கப்பல்களில் இந்தப் பற்றாக்குறை இன்னும் தெரியும். 2022-இல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கி, மறு ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போன எம்ப்ரஸ், 1990-இல் கட்டியது. அதில் பெரும்பாலும் உள் கேபினும் ஜன்னல் கேபினும்தான், பால்கனி சொற்பம். அதில் போகிறவர்கள் வேண்டுமானால் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். அலாஸ்கா, நார்வே போன்ற குளிர்க்கடல் பக்கம் நான் போனதில்லை. அங்கே பால்கனி எவ்வளவு பயன்படும் என்று என்னால் சொல்ல முடியாது.

முன்பதிவில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேபின் எண்ணைப் பிறகு நாங்களே ஒதுக்குவோம் என்ற மலிவு விலையில் பால்கனி எடுக்க வேண்டாம். கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: பால்கனிக்கு நேர் கீழே உயிர்காப்புப் படகு தொங்கிப் பார்வையை மறைக்கிறதா, நேர் மேலே நீச்சல் குளத்தளமோ பஃபேயோ இருக்கிறதா, லிஃப்ட் எவ்வளவு தூரம். மேலே குளத்தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில்தான் எழுந்திருக்க வேண்டும். லிஃப்ட் தள்ளி இருந்தால் பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் போகவே யோசிப்பார்கள். மூன்றும் சரியாக இருக்கும் எண்ணைச் சொல்லி, அதே எண் உறுதிச்சீட்டில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.