பழைய அக்சியோ வாங்கும்போது: ஹைபிரிட்டா, பெற்றோலா?

டொயோட்டா அக்சியோ இலங்கையில் இரண்டு வகையாகவும் ஓடுகிறது. உடம்பு ஒன்றுதான், எஞ்சின் அளவும் அதே 1500 சிசி. ஹைபிரிட்டில் கூடுதலாக மின்மோட்டரும் பின் இருக்கைக்கு அடியில் பெரிய பற்றரியும் இருக்கும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் ஹைபிரிட்டை எடுத்தேன். இன்றைக்கு வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன், ஆனால் பற்றரியைச் சோதிக்காமல் எடுக்கமாட்டேன்.

எரிபொருளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஊருக்குள் என் கார் லீற்றருக்கு 20 கிலோமீற்றரை ஒட்டி ஓடுகிறது. பெற்றோல் அக்சியோ வைத்திருக்கும் மச்சானுக்கு 12, 13 கிடைக்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது, இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று எல்லோருக்கும் விளங்கியது. ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போனால் இடைவெளி குறையும். கொழும்பு காலி வீதி நெரிசலில்தான் ஹைபிரிட்டின் அருமை தெரியும்: நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும், பிரேக் பிடிக்கும்போது பற்றரி ஏறும்.

பராமரிப்பிலும் அது பலர் நினைப்பதுபோல் மோசமில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் ஸ்டார்டர் மோட்டரோ மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோ தனியாகக் கிடையாது, அதனால் அவை பழுதாகும் கவலையும் இல்லை. பெற்றோல் அக்சியோவின் சிவிடி எனும் தானியங்கி கியர் பெட்டிக்குள் ஒரு பெல்ட் ஓடுகிறது, ஹைபிரிட்டில் அதற்குப் பதில் பற்சக்கரங்கள் மட்டும்தான். பிரேக் பாட்களும் மெதுவாகத்தான் தேயும்.

சரி, பற்றரிக்கு வருவோம். எதை வாங்குவது என்பதை இதுதான் தீர்மானிக்க வேண்டும். இது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி, 7.2 வோல்ட் மொடியூல்கள், அதாவது சிறு பற்றரித் துண்டுகள், 20 சேர்ந்து 144 வோல்ட். தொடராக இணைத்திருப்பதால் ஒன்று தளர்ந்தாலே முழுப் பற்றரியும் தடுமாறும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் விற்பனைக்கு வரும் அக்சியோ ஹைபிரிட்களில் பல 2013 முதல் 2015 வரை செய்தவை. பற்றரிக்கும் அதே வயதுதான்.

வயதைவிட வெப்பம் அதைக் கெடுக்கும். காருக்குள் இருக்கும் காற்றை ஒரு மின்விசிறி இழுத்துத்தான் பற்றரியைக் குளிர்விக்கிறது. காற்று போகும் துவாரம் பின் இருக்கை ஓரத்தில் இருக்கிறது, பலர் அதன்மேல் பையை வைத்துவிடுகிறார்கள். நான் வாங்கிய கையோடு அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தபோது விசிறியின் இதழ்களில் செம்மண் தூசியும் தலைமயிரும் சேர்ந்து தடித்த துணிபோல் ஒட்டியிருந்தது. துடைத்தபின் விசிறியின் இரைச்சலே மாறிவிட்டது. ஒவ்வொரு சர்வீஸிலும் இதைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்ற காரை எடுத்தால் ஏசியைப் போட்டு ஓட்டுங்கள், உங்களுக்கு மட்டுமல்ல, பற்றரிக்கும் அது வேண்டும்.

பழுதான ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சில கராஜ்களில் சொல்வார்கள். செலவு குறைவுதான், ஆனால் மற்றவையும் அதே வயதுடையவை, அடுத்தது எப்போது விழும் என்று சொல்ல முடியாது. முழுப் பற்றரியை மாற்றினால் இலட்சக்கணக்கில் போகும்.

ஆகவே, விலை பேசுவதற்கு முன் கராஜில் ஸ்கேன் கருவியைக் காரில் பொருத்திப் பற்றரியைச் சோதியுங்கள். நிற்கும்போது எல்லா மொடியூல்களும் நல்லதாகத்தான் காட்டும். ஏசியைப் போட்டு, ஒரு ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிக்கொண்டே பார்த்தால் எதன் வோல்ட் சட்டென்று இறங்குகிறது என்பது தெரியும். திரையில் சார்ஜ் அளவு மளமளவென்று ஏறி இறங்கினாலும் சந்தேகப்படுங்கள். நீங்கள் பிறகு விற்கப் போனால் வாங்க வருபவரும் இதைத்தான் பார்ப்பார், மறுவிற்பனை விலை அந்த ஸ்கேன் அறிக்கையில்தான் நிற்கிறது.

ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்களுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம். அந்தக் காலத்து மொடல்களில் லித்தியம் பற்றரியும் இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டியும் இருக்கும். நான் அவற்றை இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி.

பெற்றோல் அக்சியோ யாருக்கு? கார் மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும் என்றால் அதை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் சொந்தக்காரர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். ஓடாமல் நின்றால் ஹைபிரிட் பற்றரி தானாகவே இறங்கிக் கெடும். பெற்றோல் கார் என்றால் பெரும்பாலும் 12 வோல்ட் பற்றரியைச் சார்ஜ் போட்டாலே ஸ்டார்ட் ஆகிவிடும்.