பால்வெட்டு ஐந்து எழுத்தா, பத்து எழுத்தா? – ஒரு சொல் ஆட்டத்தோடு நான்கு வருடம்

சித்தி மகள் நேற்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டாள். "அக்கா, நீங்க ஆடுற அந்தத் தமிழ்ச் சொல் ஆட்டத்துக்கு வருடச் சந்தா 59 வெள்ளியிலிருந்து 29க்கு இறங்கியிருக்கு, கட்டலாமா?" (வெள்ளி என்றால் எங்கள் மலேசிய ரிங்கிட்.) இரண்டு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நான்கு வருடமாக மனதில் சேர்ந்து கிடந்தது எல்லாம் வந்துவிட்டது. அதனால் அவளுக்கும் அவளைப் போலக் கேட்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஆட்டத்தின் பெயரைப் போடவில்லை. குறைதான் அதிகம் சொல்லப்போகிறேன், அதுவும் என் ஒருத்தியின் அனுபவம்.

நாங்கள் நான்கு பேர் ஆடுகிறோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. நான் சுங்கை சிப்புட் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒருத்தி கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். நான்காவது ஆள்தான் ஊர்ப்பக்கமே தங்கிவிட்டவன், செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறான். 2021இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது யாரும் யாரையும் பார்க்க முடியாமல் இதை இறக்கினோம். கட்டுப்பாடு முடிந்தும் ஆட்டம் நிற்கவில்லை.

ஸ்கிரேபிள் மாதிரி, பலகையில் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கோர்த்துப் புள்ளி சேர்க்கிற ஆட்டம். மற்றபடி எப்படி ஆடுவது என்பதெல்லாம் உள்ளே போனால் தெரிந்துவிடும். எனக்கு முதல் நாளிலிருந்து பிடித்துப்போன ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழில் 247 எழுத்து, அத்தனைக்கும் கட்டை போட முடியாது. இந்த ஆட்டத்தில் 'க' என்று ஒரு கட்டை வரும். அதை விரலால் அழுத்திப் பிடித்தால் கா, கி, கீ, கு என்று வரிசை விரியும், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். 'க்' வேண்டுமானால் மேலே புள்ளியும் வைத்துக்கொள்ளலாம். இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. கையில் எட்டுக் கட்டைதான், ஆனால் எட்டுக்குள் எத்தனை சொல் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அதோடு, ஆங்கிலத்தில் ஆடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய. அங்கே பெரும்பாலான பெயர்ச்சொல்லின் வாலில் ஓர் 'எஸ்' சேர்த்தால் பன்மை, புள்ளி கிடைத்துவிடும். இங்கே 'மரம்' போட்டு வைத்தால் அதை நீட்ட முடியாது. மரங்கள் என்றால் ம் போய் ங் வர வேண்டும், மரத்தை என்றால் த் வர வேண்டும். பலகையில் ஏற்கனவே உட்கார்ந்த ம்-ஐ யார் எழுப்புவது? தமிழில் மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால் அந்த ம்-இலிருந்து கீழே புதுச் சொல்லையும் இறக்க முடியாது. ஆக, ஒருவர் புள்ளி வைத்த எழுத்தில் சொல்லை முடித்தால் அந்த மூலை பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். கிள்ளான்காரி இப்படிப் பூட்டிப் பூட்டியே ஜெயிப்பாள். பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடத்தில் தூங்கியவள் இவள்தான்.

ஒரு முறை போட 48 மணி நேரம் தருவார்கள். அதனால் ஓர் ஆட்டம் இரண்டு வாரம் கூட ஓடும். இந்த மெதுவான ஓட்டம்தான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு ஜொகூர்காரியின் சொல் வந்தால் அவள் பாலத்து வரிசையில் நிற்கிறாள் என்று தெரியும். ஆலைக்காரன் மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டால் லாரி வரத்துக் குறைவு. ஒரு நாள் முழுக்க ஒருவருடைய சொல் வரவில்லை என்றால் மற்ற மூவரில் யாராவது போன் போட்டுவிடுவோம். போன வருடம் கிள்ளான்காரியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது எங்களுக்குத் தெரிந்ததே அப்படித்தான். (தீபாவளிக்கு முன் பத்து நாள் மட்டும் எனக்கு இந்த 48 மணி நேரம் போதாது. ரவிக்கை மலைபோலக் குவிந்து கிடக்கும்போது அறுபது புள்ளி முன்னால் இருந்த ஆட்டத்தை நேரம் கடந்து இழந்திருக்கிறேன். நிறுத்தி வைக்கிற பொத்தான் ஒன்று போடக் கூடாதா?)

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

இரண்டாவது மாதத்தில் ஆலைக்காரன் 'செம்பனை' என்று போட்டான். நான்கு எழுத்து, புள்ளி மூன்று மடங்காகிற கட்டம், அழகான இடம். 'இந்தச் சொல் அகராதியில் இல்லை' என்று சிவப்பில் வந்தது. அவன் குரல் பதிவு அனுப்பினான்: "காலையில ஏழு மணியிலேர்ந்து நான் எடை போடுறது என்னவாம்?" கோபத்தில் அன்று அவன் திரும்ப ஆடவே இல்லை. 1917இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று அந்த மரத்தை நட்டார்கள். நூறு வருடம் தாண்டியாயிற்று. எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் அந்த மரம்தான், செய்தித்தாளில் போடுவதும் செம்பனை என்றுதான். இந்த ஆட்டத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

அப்புறம் பார்த்தால் 'கித்தா' (ரப்பர்) இல்லை. 'பெரட்டு' (விடியற்காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிடுவது) இல்லை. 'பசியாறல்' (காலைச் சாப்பாடு) கூட இல்லை! காலையில் ஒருவரைப் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. அது எந்த மொழியிலிருந்தும் கடன் வாங்கிய சொல்லும் இல்லை, பசியும் ஆறுதலும் சேர்ந்த நல்ல தமிழ்.

இதைவிட என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது, ஏற்றுக்கொண்ட சொற்கள். போட்ட சொல்லைத் தொட்டால் கீழே பொருள் காட்டும். நான் 'லயம்' போட்டேன், பச்சை வந்தது, சந்தோஷமாகத் தொட்டுப் பார்த்தேன். 'இசையின் ஒழுங்கு, ஒன்றிப்போதல்' என்று இருந்தது. எங்களுக்கு லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு. என் அம்மா பிறந்தது லயத்தில், நான் பிறந்ததும் லயத்தில். 'மங்கு' போட்டால் 'ஒளி குறை' என்கிறது. ரப்பர் மரத்தில் பால் வடிய வைக்கிற கிண்ணம்தான் எங்களுக்கு மங்கு. புள்ளி கிடைக்கிறது, ஆனால் நான் போட்ட சொல்லுக்கு அது கிடைக்கவில்லை, அதே எழுத்துகளில் இருக்கிற இன்னொரு சொல்லுக்குக் கிடைக்கிறது.

இதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இதே பொருள் அட்டைதான் எனக்கு 'நிரை'யைக் கொடுத்தது. அம்மா "எனக்கு எட்டாம் நெரை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், ரப்பர் பால் வெட்ட ஒதுக்கிக் கொடுக்கிற மர வரிசை. பேச்சுக் கொச்சை என்றே நாற்பது வருடம் நினைத்திருந்தேன். ஆட்டத்தில் தொட்டுப் பார்த்தால் 'வரிசை. பசுக்கூட்டம்' என்று வருகிறது. சங்க காலத்தில் ஆநிரை கவர்ந்த அதே நிரை! அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, "பின்னே, வேறென்ன" என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த ஒரு சொல்லுக்காகவே முதல் வருடச் சந்தாவைக் கட்டினேன், அதில் வருத்தம் கிடையாது.

சொல் ஆட்டம் என்றால் சொற்பட்டியல்தான் சட்டம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. நம் நாட்டில் வசிக்கிற நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிரேபிள் பட்டத்தை வென்றார். பட்டியலில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் வெறும் எழுத்து. சரிதான். ஆனால் அந்தப் பட்டியலை எப்படிச் சேர்க்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? உலகப் போட்டியில் பயன்படுத்துகிற ஆங்கிலப் பட்டியலில் டுரியான் உண்டு, ரம்புத்தான் உண்டு, சாரோங் உண்டு. இட்லியும் தோசையும் உண்டு. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி எப்போதோ உள்ளே போய்விட்டது. எங்கள் வாயில் இருப்பதை ஆங்கிலம் எடுத்து வைத்துக்கொள்கிறது, தமிழ் ஆட்டம் சிவப்பு காட்டுகிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஸ்கிரேபிளைக் கண்டுபிடித்த ஆல்பிரட் பட்ஸ் வேலை இழந்த ஒரு கட்டடக் கலைஞர். 1930களில் செய்தித்தாளை விரித்து வைத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் எத்தனை கட்டை, எவ்வளவு புள்ளி என்று முடிவு செய்தார். ஆங்கில ஸ்கிரேபிள் பெட்டியில் 'ஈ' (E) 12 கட்டை. மலாய்ப் பெட்டியில் 'ஏ' (A) 19 கட்டை, ஏனென்றால் மலாயில் அது அவ்வளவு வரும். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தமிழ் நேசன் என்று 1924இலிருந்து 2019 வரை இங்கே ஒரு நாளிதழ் வந்தது, என் அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து படித்தது அதைத்தான். அதில் ஒரு பக்கத்தை யாராவது விரித்து எண்ணியிருந்தால் செம்பனையும் தோட்டத்துச் சொற்களும் தானாக வந்திருக்கும்.

நான் சும்மா புலம்பிக்கொண்டும் இருக்கவில்லை. 'சொல் பரிந்துரை' என்று உள்ளே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் அனுப்பினேன். இதுவரை 31 சொல். 'பால்வெட்டு' அனுப்பப் போனபோதுதான் அடுத்த வேடிக்கை, இல்லை, வேடிக்கை என்று சொல்ல மாட்டேன், எனக்கு அழுகைதான் வந்தது. பெட்டியில் 8 எழுத்துக்கு மேல் ஏறாது. பால்வெட்டு ஐந்து எழுத்துதானே, பா, ல், வெ, ட், டு? ஆனால் அது 'பால்வெட்' என்று நின்றுவிட்டது. பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு பையன் கணினி படிக்கிறவன், அவன்தான் விளக்கினான். உள்ளே கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கிற யுனிகோட் கணக்கில் ப தனி, துணைக்கால் தனி, புள்ளி தனி, கொம்பு தனி, உகரக் குறி தனி. அப்படி எண்ணினால் பால்வெட்டு பத்து. எழுத்துகளைச் சேர்த்து எண்ணச் சொல்வது நிரல் எழுதுகிறவர்களுக்குச் சின்ன வேலைதான் என்றான். பலகையில் அவ்வளவு அழகாக எழுத்தைப் புரிந்துகொண்டு கட்டை செய்தவர்களே, பரிந்துரைப் பெட்டியில் தமிழை எண்ணத் தெரியாமல் விட்டிருக்கிறார்கள். 31 சொல்லில் இரண்டுதான் சேர்ந்தது. மற்றதற்கெல்லாம் ஒரே பதில்: 'இந்தச் சொல் அகராதியில் இல்லை'. அகராதியில் இல்லை என்றுதானே ஐயா பரிந்துரையே அனுப்புகிறேன்?

மற்ற ஆட்டங்களைப் பற்றியும் கேட்பாள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்துக்கு லீசெஸ் (Lichess) என்கிற தளம் போதும், காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. கைப்பேசியில் பல்லாங்குழி ஆடிப் பார்த்தோம், மலாய்க்காரர்களின் சோங்காக் மாதிரிதான் செய்திருந்தார்கள், புளியங்கொட்டைச் சத்தம் இல்லாமல் எனக்கு ஒட்டவில்லை.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆட்டம் ஒரு சொல்லை மறுத்தால், அதைப் போட்டவர் புலனக் குழுவில் எழுத வேண்டும். மற்ற மூவரில் ஒருவராவது தங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால், அதற்கு என்ன புள்ளி வந்திருக்குமோ அதை நான் நோட்டில் ஏற்றி, ஆட்டம் முடிந்ததும் கையால் கூட்டிக்கொள்வேன். யாருக்கும் தெரியாவிட்டால் என் அம்மாவுக்குப் போன். போன வாரம் 'பெரட்டு'க்கு ஆலைக்காரன் போன் போட்டான். அம்மா ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கலாம். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேர் கூப்பிட்டதையும், மழை நாளில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியதையும், என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கே நின்றதையும் அவனிடம் அரை மணி நேரம் சொன்னார். எனக்கே தெரியாத கதை. பெரட்டுக்கு 14 புள்ளி எழுதினேன். நோட்டில் இப்போது 46 சொல் இருக்கிறது.

ஆக, தங்கச்சி, நீ கேட்டதற்குப் பதில்: கட்டாதே. 29 வெள்ளி பெரிய காசு இல்லைதான், நல்ல ஆட்டம்தான், என் வாரத்தில் இதைவிட நல்ல பொழுது எனக்கு வேறில்லை. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் கட்டாதே என்றுதான் சொல்வேன். நேற்று மறுபடி 'பசியாறல்' போட்டுப் பார்த்தேன், மறுபடி சிவப்பு. நான் கட்டியிருக்கிறேனே என்று கேட்பாய். கட்டியிருக்கிறேன், ஜனவரி வரைக்கும் இருக்கிறது, அதன் பிறகு யோசிப்பேன்.

இலவசத்திலேயே இறக்கிக்கொள், விளம்பரம் வந்தால் அரை நிமிடம் பொறுத்துக்கொள். ஜொகூர்காரிக்கு இந்த மாதம் இரவு ஷிப்ட், அவளுடைய இடம் காலியாக இருக்கிறது, ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் புது ஆட்டம் திறக்கிறேன். வருவதற்கு முன் சித்தியிடம் உட்கார்ந்து பேசு. அம்மாவோடு ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்தானே, அவருக்கு எத்தனையாம் நிரை என்று கேட்டு வா.