சேற்றில் இறங்கினாரா என்று கேட்ட ஒரே ஆள்

ஊருக்குப் போய் வந்தவன் விமானத்தைப் பற்றியும் ஆற்றில் தண்ணீர் வந்த அழகைப் பற்றியும் எழுதுவது வழக்கம். இந்த முறை அதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. என்னை எழுத வைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. நினைவு வந்தால் மாத்திரை போடுவார். சம்பா நடவுக்கு அண்டை வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டிருக்கிறது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்கிவிட்டார். பிறகு விடாத காய்ச்சல், இருமல், ஆளே பாதியாகிவிட்டார். நான் போனபோது ஒரு தனியார் மருத்துவமனையின் ஏசி அறையில் கிடந்தார். காசநோய் என்று சந்தேகித்துச் சளியைப் பார்த்தார்கள், இல்லை. அதன்பின் ஊசி மேல் ஊசி.

ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சர் பரிசோதனையின் முடிவை வாங்கப் போனேன். நான் இருக்கும் சிங்கப்பூரில் இந்நேரம் கைப்பேசிக்கே வந்திருக்கும். இங்கே ரசீது கேட்டார்கள், ரசீதின் நகல் கேட்டார்கள், பாக்கி கட்டச் சொன்னார்கள், பிறகு "மேடம் சாப்பிடப் போயிருக்கிறார் சார்" என்றார்கள். மேடம் சாப்பிட்டு முடிக்க நாலு மணியானது. பசை காயாத உறைக்குள் ஒற்றை வரி: சூடோமோனாஸ் வகைக் கிருமி, ரத்தம் எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்த வெளிக்கிருமியாக இருக்கலாம். மருத்துவர் அதை ஒரு பார்வை பார்த்து, மடித்து, கோப்பில் செருகி, அதே ஊசியைத் தொடரச் சொன்னார். சின்ன வயதில் கடைத்தெருவில் இருந்த கம்பவுண்டர்கூட மருந்து கலக்கும் முன் என்ன வேலைக்குப் போனாய் என்று விசாரிப்பார். இங்கே அறை வாடகைக்கு எந்தக் காப்பீடு என்று மூன்று பேர் கேட்டார்கள். காலில் இருந்த தழும்பை ஒருவரும் கேட்கவில்லை.

சண்டை போட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். ஸ்ட்ரெச்சரை நாங்களேதான் தள்ளினோம், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே எடுத்த ரத்தத்துக்கு முடிவு காகிதமாக வரவில்லை. நுண்ணுயிரியல் துறையின் இளம் மருத்துவர் வார்டுக்கே நடந்து வந்தார். "ஐயா, சர்க்கரை எத்தனை வருடமாக? வயலில் வெறுங்காலோடு இறங்கினீர்களா?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "பின்னே செருப்போடா அம்மா இறங்குவார்கள்?"

மெலியாய்டோசிஸ் என்றார். பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி. ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழ்வது. ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அது அடங்காததைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்ததாம். வழக்கமான பல மருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது. முதலில் போட்ட ஊசிகள் வீணானது அதனால்தான். அதே சேற்றில் அதே நாள் நின்ற மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். திடமானவர்களையும் இது சில சமயம் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குடிப்பழக்கம் உள்ளவர்களைத்தான் வீழ்த்துகிறது என்றார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் சோம்பிப்போகின்றன. ஸ்கேனில் சித்தப்பாவின் மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் தெரிந்தன.

இது புது நோயும் இல்லை. 1911-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் கண்டறிந்தது. அவர்கள் பார்த்தவர்களிலும் பலர் மார்ஃபின் என்ற போதை மருந்துப் பழக்கத்தால் உடல் நைந்தவர்கள். சிங்கப்பூரில் இதைச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நெல் வயலே இல்லாத ஊர் அது! நெற்களஞ்சியத்தில், வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை இருக்கும் இடத்தில், பணம் வாங்கிய பரிசோதனைக்கூடம் இதை வெளிக்கிருமி என்று தள்ளுகிறது.

செஃப்டாசிடைம் ஊசி வாரக்கணக்கில் ஓடியது. காய்ச்சல் உடனே இறங்கவில்லை. பொறுங்கள் என்று அந்த மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இனி குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும். சித்தி அதை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார், சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து. கிளம்பும் முன் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சேடையில் ஓர் அடி வைத்தால் கால் மட்டும்தான் வெளியே வரும், பூட்ஸ் அங்கேயே நிற்கும் என்கிறார் சித்தப்பா. அப்படியானால் ஆள் வைத்துச் செய்யுங்கள் என்றேன். கூலியை நீ அனுப்புகிறாயா என்று கேட்டிருக்கிறார்.